கார் சாவி இல்லாமல் ஆறு நாள்: ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து யார்க்ஷயர் மலைகள் வரை

முதல் நாள்: எடின்பரோ – ஸ்டோ

எடின்பரோ வேவர்லி நிலையத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் ரயிலில் இன்று காலை ஏறினேன். அடுத்த ஆறு நாட்களும் வாடகைக் கார் எடுப்பதில்லை, யாருடைய காரிலும் இடம் கேட்பதில்லை, ரயிலும் பேருந்தும் போகாத இடத்துக்கு நடந்தே செல்வது என்று முடிவு செய்திருக்கிறேன். கார் இல்லாத ஒருவருக்கு ஒரு கிராமம் உண்மையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் நெடுநாள் எண்ணம்.

பிரிட்டனில் 2016 முதல் பசுங்குடில் வாயுக்களை மிக அதிகமாக வெளியிடும் துறை போக்குவரத்துதான். மின் உற்பத்தி நிலக்கரியை விட்டு விலகியதால் அந்தத் துறையின் கரியுமிழ்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் உள்நாட்டுப் போக்குவரத்தின் கரியுமிழ்வு 1990-க்கும் 2019-க்கும் இடையே ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே குறைந்தது. அதில் பாதிக்கு மேல் கார்களிலிருந்து வருவது. இந்தக் கணக்கைப் பேசும்போது, எதற்கெடுத்தாலும் வண்டியை எடுக்கும் கிராமத்து மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நகரங்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் குற்றச்சாட்டு எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. ஏன் சரியில்லை என்பதை நேரில் பார்க்கவே வந்திருக்கிறேன்.

நான் ஏறிய பாதைக்கே ஒரு கதை உண்டு. எடின்பரோவிலிருந்து கார்லைல் வரை 98 மைல் நீண்டிருந்த வேவர்லி பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் வடபகுதி மட்டும், ட்வீட்பேங்க் வரை, 46 ஆண்டுகளுக்குப் பிறகு 2015 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. சுமார் 30 மைல் தூரத்துக்குப் புதிதாகத் தண்டவாளம் போட்டு, ஏழு நிலையங்களைக் கட்டினார்கள். முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடந்தன. இங்கே ஓடுபவை இன்னும் டீசல் வண்டிகள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் இறங்கிய ஸ்டோ அந்த ஏழில் ஒன்று. ஆற்றோரத்தில் அமைந்த சிற்றூர். நடைமேடையில் என்னுடன் இறங்கிய இளம்பெண் எடின்பரோவில் படிக்கிறார். பெற்றோர் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் சென்று வருகிறார். ரயில் இல்லையென்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கடனில் ஒரு பழைய காரை வாங்கியிருப்பேன், அல்லது படிப்பையே வேறு மாதிரி தேர்ந்தெடுத்திருப்பேன் என்றார். அவர் சொன்ன முதல் வழியில் புகை கூடுகிறது, இரண்டாவதில் ஒரு வாழ்க்கை சுருங்குகிறது. மாலை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்தேன்.

இரண்டாம் நாள்: ஸ்டோ – ட்வீட்பேங்க் – ஹாயிக்

ட்வீட்பேங்கில் தண்டவாளம் முடிகிறது. பழைய பாதை அங்கிருந்து மெல்ரோஸ் வழியாக ஹாயிக் நகருக்குத் தொடர்ந்து சென்றது. இப்போது மேலே போக வேண்டியவர்கள் பேருந்துக்கு மாற வேண்டும்.

பாதை மூடப்பட்டதற்கு அடிப்படை, அன்றைய பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை. 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்று அது பரிந்துரைத்தது. பாதைகளில் மூன்றில் ஒரு பங்கு, மொத்தப் பயணத் தூரத்தில் ஒரு விழுக்காட்டை மட்டுமே சுமக்கிறது என்பது அதன் முக்கிய வாதம். இதற்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் நடந்தது. அந்த ஒரு வாரம் என்பது எனக்கு உறுத்துகிறது. அறுவடைக் காலமும் கோடை விடுமுறையும் அதில் வராது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, நிலையத்துக்கு வந்தவர்களை எண்ணும் எந்தக் கணக்கும் வர முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எண்ணுவதில்லை என்பது.

ஹாயிக் மக்கள் தங்களை எண்ணச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். மேட்ஜ் எலியட் என்ற பெண்மணி 11,678 கையெழுத்துகளைத் திரட்டி, 1968 டிசம்பரில் லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பிரதமர் இல்லத்தில் ஒப்படைத்தார். அடுத்த மாதமே பாதை மூடப்பட்டது.

ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து வரும் என்று அன்று சொல்லப்பட்டது. 1985-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அந்தப் பேருந்துகளையும் சந்தையிடம் ஒப்படைத்தது. 1986 அக்டோபர் 26 முதல், லண்டன் நீங்கலாகப் பிரிட்டன் முழுவதிலும், எந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. ஆதாயம் தராத தடத்துக்கு உள்ளாட்சி மன்றம் விரும்பினால் பணம் கொடுத்து வண்டியை ஓடச் செய்யலாம். பணம் இல்லாத ஆண்டில் அந்த வண்டி நின்றுவிடும். பள்ளி நடத்துவது போல இது மன்றத்தின் கட்டாயக் கடமை அன்று. நிதி இறுகும்போதெல்லாம் முதல் வெட்டு இதன் மேல் விழுவதற்குக் காரணம் அதுவே.

ஹாயிக் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்த முதியவர், கண்பார்வை மங்கியதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர். ஸ்காட்லாந்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு 2006 முதல் பேருந்துப் பயணம் இலவசம். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 2022 ஜனவரி இறுதியிலிருந்து இலவசம். நல்ல திட்டங்கள், மனமாரப் பாராட்டுகிறேன். அவரும் தம் அட்டையைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். ஆனால் அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு மூன்று மைல் தூரம்; அந்தச் சாலையில் பேருந்தே கிடையாது. "அட்டை என் பையில் இருக்கிறது. பேருந்துதான் என் சாலைக்கு வருவதில்லை" என்றார். நிறுத்தத்தில் அவருடைய மகள் காருடன் காத்திருந்தார்.

மூன்றாம் நாள்: ஹாயிக் – நியூகாசில்டன்

ஹாயிக்கிலிருந்து தெற்கே நியூகாசில்டன் சுமார் 21 மைல். நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருந்துகளே உண்டு. காலை வண்டியைத் தவறவிட்டால் பாதி நாள் போய்விடும் என்பதால், முன்னிரவே நேர அட்டவணையைக் கையால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கார் வைத்திருப்பவர் விரும்பிய நேரத்தில் கிளம்புகிறார். நானோ தூங்கி எழுவது முதல் அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டவனாகிவிட்டேன். மூன்றே நாளில் வந்த இந்த உணர்வு, ஆண்டுக்கணக்கில் இப்படி வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கும்!

வழியில் மலைகளுக்கு நடுவே ரிக்கார்ட்டன் சந்திப்பு என்ற ரயில் குடியிருப்பு இருந்தது. பேருந்துச் சாலையிலிருந்து அது தெரியாது. பல்லாண்டுகள் அந்த ஊருக்குச் சாலையே கிடையாது; மளிகைப் பொருளும் மருத்துவரும் ரயிலில்தான் வந்தாக வேண்டும். பாதை மூடப்பட்டதும் ஊர் காலியாகிவிட்டது. ஓர் ஊரின் உயிர் ஒரே போக்குவரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கேள்விப்பட்டதில்லை.

நியூகாசில்டன் 1793-இல் நெசவாளர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். நேரான நீண்ட தெருவும் சதுக்கங்களும் இன்றும் அப்படியே உள்ளன. 1969 ஜனவரி 5 இரவு, எடின்பரோவிலிருந்து லண்டனுக்குச் சென்ற கடைசிப் படுக்கை ரயிலை இந்த ஊர் மக்கள் மறித்தார்கள். சாலை தண்டவாளத்தைக் கடக்கும் கடவுப் பாதையின் கதவுகளை ரயிலுக்குக் குறுக்கே பூட்டிவிட்டுக் குளிரில் நின்றார்கள். ஊர்த் தேவாலயப் போதகர் பிரைடன் மேபன் கைது செய்யப்பட்டார். அதே ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கி வந்து பேசி, போதகரை விடுவித்தால் வழிவிடுவது என்று முடிவான பிறகே ரயில் நகர்ந்தது. கடவுப் பாதை இருந்த இடத்தில் இன்று சிறிது நேரம் நின்றேன்.

ஆனால் இந்த ஊரில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பெட்ரோல் பம்ப். ஊரில் இருந்த பம்ப் மூடப்பட்டபின், எரிபொருள் போடுவதற்கே மக்கள் பல மைல் ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஊர் அறக்கட்டளை முனைந்து, பணம் திரட்டி, ஆளில்லாமல் எந்நேரமும் இயங்கும் பம்ப் ஒன்றைத் தானே அமைத்து நடத்தி வருகிறது. பருவநிலை பற்றிக் கவலைப்படுகிற நான், ஒரு பெட்ரோல் பம்புக்காக ஊர் கூடிப் போராடியதைக் கேட்டு முகம் சுளித்திருக்க வேண்டும். அப்படி எனக்குத் தோன்றவில்லை. ரயிலுக்காகக் குளிரில் மறியல் செய்தவர்களின் பிள்ளைகள்தாம் பம்புக்காகப் பணம் திரட்டியவர்கள். இரண்டு தலைமுறைகளும் கேட்டது ஒன்றையே: ஊரைவிட்டு வெளியே போய்த் திரும்பி வர ஒரு வழி. முதல் வழியை அரசு மூடியது. எஞ்சியிருந்த வழியை அவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த வழியில் புகை வருகிறது என்று சொல்லும் உரிமை முதல் வழியை மூடியவர்களுக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

மாலையில் சதுக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டியுடன் பேசிக்கொண்டிருந்தேன். கணவர் இருந்தவரை அவர்தான் ஓட்டுவார்; இந்த அம்மாள் ஓட்டக் கற்கவே இல்லை. மருத்துவமனையில் காலை ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்தால், அந்த வேளைக்குள் பேருந்து அங்கே கொண்டுசேர்க்காது. கார்லைலில் வசிக்கும் மகன் வேலையில் விடுப்பெடுத்துக்கொண்டு இங்கே வந்து, அவரை ஏற்றி, மருத்துவமனையில் காட்டி, மீண்டும் இங்கே இறக்கிவிட்டு, தம் வீட்டுக்குத் திரும்புகிறார். "அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டு முறை போகாமலே இருந்துவிட்டேன்" என்று மெல்லச் சொன்னார். 2003-இல் பிரிட்டன் அரசின் சமூக விலக்கம் குறித்த பிரிவு வெளியிட்ட அறிக்கையில், ஓராண்டில் 14 லட்சம் பேர் போக்குவரத்துச் சிக்கலால் மருத்துவ உதவியைத் தவறவிட்டார்கள் அல்லது நாடாமலே இருந்தார்கள் என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பலமுறை படித்திருக்கிறேன். அதற்குள் இருப்பவர் ஒருவரின் குரலை இன்றுதான் கேட்டேன்.

நான்காம் நாள்: நியூகாசில்டன் – கார்லைல்

பயணம் குறுகியது, மழை. கார்லைலில் விடுதி அறையில் உட்கார்ந்து நேற்றைய உரையாடலைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

சராசரிப் பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 170 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. நியூகாசில்டனிலிருந்து ஒருவர் தம் காரில் ஹாயிக் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 11 கிலோ. இதே பயணம் கார் இல்லாத ஒருவருக்காக, அதே அளவு தொலைவிலுள்ள வெளியூரிலிருந்து மகன் வந்து செய்வதாக இருந்தால், தாயை ஏற்ற வரும் தூரமும் இறக்கிவிட்டுப் போகும் தூரமும் சேர்ந்து அந்தப் புகை இரட்டிப்பாகிறது. கார் இல்லாத ஏழைக் கிராமவாசி குறைவாகப் புகைவிடுபவர் என்று புள்ளிவிவரம் சொல்லும். அது உண்மைதான், ஏனென்றால் பெரும்பாலும் அவர் போவதே இல்லை. போயே தீர வேண்டிய நாளிலோ, அவருடைய ஒரு பயணம் கார் உள்ளவரின் பயணத்தைவிட அதிகப் புகையைக் கேட்கிறது. அந்தப் புகையும் மகன் பெயரிலேயே பதிவாகிறது.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். டீசல் பேருந்து ஒன்று கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வெளியிடும். அதில் ஆறேழு பேராவது ஏறி, அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் காரை வீட்டில் விட்டு வந்திருந்தால்தான் கரிக்கணக்கு சமன் ஆகும். இன்று நான் வந்த பேருந்தில் நான்கு பேர் இருந்தோம். எனவே கரிக்கணக்கை மட்டும் காட்டி ஒரு கிராமப் பேருந்துக்கு வாதாடினால், அதே கணக்கைக் காட்டி அதை நிறுத்தவும் முடியும். பீச்சிங் அன்று பணத்தில் போட்ட கணக்கை நாம் இன்று கரியில் போட்டுவிடக் கூடாது. அந்த மூதாட்டி மருத்துவரைப் பார்ப்பதும் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். சிறிய வண்டி, மின் வண்டி, அழைத்தால் வரும் வண்டி என்று எதை ஓட்டுவது என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுவது.

மின்காருக்கு மானியம் கொடுத்தால் எல்லாம் தீரும் என்கிறவர்களிடமும் எனக்கு இதே தயக்கம்தான். புகை குறையும், வரவேற்கிறேன். ஆனால் கண்பார்வை போனவரும் பதினேழு வயது நிரம்பாதவரும் கார் வாங்க வசதியற்றவரும் மின்காரின் காலத்திலும் அதே நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் நாள்: கார்லைல் – கார்ஸ்டேல் – ஹாஸ்

இன்று வந்தது மூடப்படாமல் தப்பிய பாதையில். செட்டில்–கார்லைல் பாதையின் சிறு நிலையங்கள் 1970-இல் மூடப்பட்டன. 1980-களில் பாதையையே மூட முனைந்தார்கள். ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கும் செலவு பெரிதாக எடுத்துக்காட்டப்பட்டது. பாதைகளை மூடுவது பற்றிய சட்டத்தின்படி, பயணிகளுக்கு நேரும் இன்னல் ஒன்றே செல்லத்தக்க ஆட்சேபமாக இருந்தது. காற்றையோ பருவநிலையையோ பற்றிப் பேச அந்தச் சட்டத்தில் இடமில்லை. 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று ரஸ்வார்ப் என்ற நாயின் பாத முத்திரை. கட்டணம் செலுத்திப் பயணம் செய்ததால் அந்த நாயும் பயணியே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1989 ஏப்ரலில் அரசு பாதையை மூட மறுத்தது. கார்ஸ்டேல் நடைமேடையில் ரஸ்வார்ப்பின் வெண்கலச் சிலை மலைகளைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. அதைத் தடவிக் கொடுக்காமல் என்னால் கடந்துபோக முடியவில்லை.

கார்ஸ்டேல் நிலையத்தைச் சுற்றி ஊர் என்று சொல்லத்தக்கது இல்லை. அருகிலுள்ள சிறு நகரமான ஹாஸ் ஆறு மைல் தள்ளி இருக்கிறது. அங்கே சென்ற கிளைப்பாதை 1959-இலேயே, பீச்சிங்குக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. ஹாஸ் ரயில் நிலையம் இன்று அருங்காட்சியகம். ரயில் தப்பியும் அந்த ஆறு மைல் இருந்தால் ரயிலால் யாருக்குப் பயன்? இந்த இடைவெளியை நிரப்புவது லிட்டில் ஒயிட் பஸ் என்ற சிறு வெள்ளை வண்டி. மேல் வென்ஸ்லிடேல் பகுதி மக்களின் அமைப்பு அதை நடத்துகிறது. ஓட்டுநர்களில் பலர் தன்னார்வலர்கள். ரயிலின் நேரத்துக்கு ஏற்ப வண்டி வந்து நிற்கிறது.

என்னை ஏற்றி வந்த ஓட்டுநர் பணி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பயணியையும் பெயர் சொல்லி அழைத்தார். ஓர் அம்மாளின் பையை அவர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் வைத்தார். இதில் நெகிழ்ந்துபோகும் அதே வேளையில் எனக்கு ஒரு கவலையும் எழுகிறது. ஊரார் முன்வந்து செய்கிறார்கள் என்பதைக் காரணமாக்கி, செய்ய வேண்டியவர்கள் கையை விரித்துவிடலாம். ஓய்வு பெற்ற, உடல்நலமும் நேரமும் உள்ள மனிதர்கள் ஒரு பள்ளத்தாக்கில் இருப்பார்கள், அடுத்ததில் இருக்கமாட்டார்கள். மருத்துவரைப் பார்க்க முடிவதும் முடியாமற்போவதும் அந்தத் தற்செயலைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அவரிடமே இதைச் சொன்னேன். தமக்கும் எழுபது வயதாகிறது என்றும், தமக்குப் பின் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

ஆறாம் நாள்: ஹாஸ் – கார்ஸ்டேல்

காலை வண்டிக்கு நேற்றைய ஓட்டுநரே வந்திருந்தார். நாங்கள் ஐந்து பேர்: பயிற்சிப் பணிக்குச் செல்லும் ஓர் இளைஞர், மருத்துவமனைக் கடிதத்தை உறையோடு கையில் பிடித்திருந்த தம்பதியர், பள்ளி ஆசிரியை ஒருவர், நான். பனிமூட்டம் அடர்ந்திருந்ததால் மெதுவாக ஏறினோம். நிலையத்தை அடைந்தபோது ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று தெரிந்தது. அவர் எங்களை இறக்கிவிட்டுப் போய்விடவில்லை. வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு, குளிரில் நிற்க வேண்டாம், உள்ளேயே இருங்கள் என்றார்.

காத்திருந்த நேரத்தில் இருக்கைக்கு அருகிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தார். எந்த நாளில், எந்த வண்டியில், எத்தனை பேர் ஏறினார்கள் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். இன்னொரு பத்தியில் சில கோடுகள் தனியாக இருந்தன. அவை எதற்கு என்று கேட்டேன். முன்பு தவறாமல் வந்துகொண்டிருந்து இப்போது வராதவர்கள்; ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் குறித்து வைக்கிறேன் என்றார். முதல் பத்தியில் இன்றைய தேதிக்கு நேராக ஐந்து கோடுகள் போட்டார். பிறகு, பனிமூட்டத்துக்குள் ரயிலின் விளக்குத் தெரிகிறதா என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.